ஆக்காட்டிக்கு நான் கட்டிய மூன்று வேலிகள்

போன வருஷம் சித்திரை வெயிலில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பின்பக்க யார்டில் நடந்தது இது. வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ட்ரெய்னியாகச் சேர்ந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் காத்திருக்க வராது. போனுக்கு ஓ.டி.பி. வருவதற்குள் 'மறுபடி அனுப்பு' என்பதை மூன்று முறை அழுத்திவிட்டு, வந்த மூன்றில் எது சரி என்று தெரியாமல் கணக்கே பூட்டிக்கொண்டு, பேங்க்குக்கு நேரில் போய் நின்றவள் நான். சொந்த ஊர் மணவாள நகர். தினமும் வந்து போக முடியாத தூரம் என்பதால் இங்கேயே இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அவர்கள் இருவரும் சேர்ந்து எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. குக்கர் சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்த மாதம் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருவதாக இருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் சரளைக்கல் கொட்டிய வெற்றிடம் ஒன்று உண்டு. அதைச் சமன் செய்து, கான்கிரீட் போட்டு, மஞ்சள் கோடு இழுத்து, காலிப் பெட்டிகளை அடுக்கும் இடமாக மாற்ற வேண்டும் என்று காலை மீட்டிங்கில் யோசனை சொன்னது நான்தான். "சரி, நீயே பண்ணு" என்றார் மேனேஜர். எனக்கென்று கிடைத்த முதல் வேலை. ஒரே நாளில் படம் வரைந்து, அளவு எடுத்து, சனிக்கிழமை காலை ஜே.சி.பி. வருவதற்கு ஏற்பாடும் செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை அளவைச் சரிபார்க்க டேப்பை எடுத்துக்கொண்டு யார்டில் கால் வைத்ததும் தலைக்கு மேல் ஒரு பறவை வந்து கத்த ஆரம்பித்தது. கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், குச்சி குச்சியாக மஞ்சள் கால்கள். கத்தியது என்றால் சும்மா இல்லை. நான் ஏதோ திருடிவிட்டு ஓடுவதுபோல ஊரையே கூட்டியது. கீழே பாய்ந்து என் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. சற்றுத் தள்ளி அதே மாதிரி இன்னொன்று நின்றுகொண்டு பக்கவாத்தியம் வாசித்தது.

பின் கேட்டில் காவலுக்கு இருக்கும் செக்யூரிட்டி அக்கா, எளாவூர்க்காரர், நாற்காலியை விட்டு எழாமலே குரல் கொடுத்தார். "அது ஆக்காட்டிம்மா. முட்ட வச்சிக்கீது போல."

"எங்கக்கா?"

"இன்னாத்தக் கண்டேன்? அது தரையிலதான் வைக்கும். கல்லோட கல்லா கெடக்கும், கண்ணுக்கே தெரியாது. ஒரு வாரமா பேஜாரு பண்ணிக்கினு கீது. எங்களையெல்லாம் உட்டுட்டு உன்னப் பாத்தாத்தான் ரொம்பக் கத்துது."

அந்தச் சரளை மேல் சனிக்கிழமை ஜே.சி.பி. ஏறப்போகிறது. ஏற்றப்போவது நான். நேராக மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

அவர் கெட்டவர் இல்லை. நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நெஸ்ட் எங்கன்னு காட்டும்மா. அந்த இடத்த மட்டும் விட்டுட்டுப் போட்டுக்கலாம். ஒரு பறவை கத்துதுன்னு மொத்த யார்டையும் நிறுத்தச் சொன்னா நான் மேல என்ன பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்" என்றார்.

"வெள்ளிக்கிழமை எதுக்கு சார், இன்னைக்கே காட்டுறேன்" என்றேன்.

நிஜமாகவே அன்று மதியமே கண்டுபிடித்துவிட்டேன். ஷெட் ஓரமாக எட்டிப் பார்த்தபோது, ஆக்காட்டி யார்டின் நடுவில் காலை மடக்கி, வயிற்றைப் பரப்பி, அழகாக அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் வந்ததும் எழுந்து ஓடியது. அவ்வளவுதான். ரோட்டில் வழி மறிக்க வைக்கிற கோன் ஆறு, சிவப்பு வெள்ளை டேப் எல்லாம் கொண்டுவந்து சுற்றிலும் வேலி கட்டினேன். எங்கள் பிரிவில் எந்தப் பொருளும் அட்டை கட்டாமல் தரையில் கிடக்கக் கூடாது என்பது விதி. சந்தேகமான பொருளுக்கு மஞ்சள் அட்டை. அதையும் எழுதிக் கோனில் கட்டினேன். பொருள்: முட்டை. எண்ணிக்கை: தெரியவில்லை. நிலை: நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

மேனேஜரை அழைத்து வந்தேன். அவர் டேப்பைத் தாண்டிக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். உள்ளே துருப்பிடித்த நட்டு ஒன்று கிடந்தது.

"இதுதானாம்மா? பதினாறு எம்.எம். மாதிரி இருக்கே."

செவ்வாய்க்கிழமை காலை அது வேறோர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. சரி, நேற்று இடம் தப்பிவிட்டது என்று அங்கே ஒரு வேலி. முழங்காலில் நின்று சரளையை ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். கல்தான். மதியம் சுவரோரம் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தது. அங்கேயும் ஒரு வேலி. முதல் இரண்டையும் எடுக்க மனசு வரவில்லை. ஒருவேளை இருந்துவிட்டால்? கம்பெனியில் இருந்த கோன் எல்லாம் யார்டுக்கு வந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் திருவாலங்காட்டுக்காரர். அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்தார்.

"தங்கச்சி, நீ இப்டியே கோன் வச்சிக்கினே போனா, நான் வண்டிய எடுத்துக்கினு எளாவூர் சுத்தித்தான் கேன்டீனுக்கு வரணும்."

"முட்டை இருக்குண்ணா. நசுங்கிடும்."

"முட்டதானே வோணும்? நாளைக்குப் புதன்கிழம. கேன்டீனுக்கு வா, ஆளுக்கு ஒண்ணு குடுக்கறான்."

புதன்கிழமைதான் மோசம். முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரம். யார்டில் ஆக்காட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. என் கோன்தான் ஏதோ செய்துவிட்டது, டேப்பில் சிக்கிச் சிறகு ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன். பேக்கிங் பிரிவிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஹெல்மெட், பளபளக்கும் பச்சை ஜாக்கெட், இரும்பு முனை வைத்த ஷூ. நான் பக்கத்தில் போனதும் அது இரண்டடி தள்ளி விழும். குனிவேன். மறுபடி இரண்டடி. "ஒண்ணும் இல்லடா, டாக்டர்கிட்ட போலாம்" என்று கொஞ்சிக்கொண்டே யார்டின் முழு நீளமும் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இறங்கின இடத்திலேயே நின்று பார்த்தார்கள். பின் கேட் வரை என்னை அழைத்துப்போன அந்தப் பறவை, அங்கே நிமிர்ந்து நின்று, சிறகை உதறி, ஒரு குறையும் இல்லாமல் சுவருக்கு மேலே பறந்து போனது.

காலிப் பெட்டியோடு நின்றேன். செக்யூரிட்டி அக்கா சிரித்த சிரிப்பில் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"இன்னா மேடம், சரக்கு வெளிய போய்டுச்சே. கேட் பாஸ் எங்க?"

அன்று அறைக்குப் போய் போனில் தேடிப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. முட்டை இல்லாத இடத்தில் அடைகாப்பதுபோல உட்காருவதும், சிறகு ஒடிந்ததுபோல நடித்து ஆளைத் தூரமாக இழுத்துப்போவதும் ஆக்காட்டிக்குக் கைவந்த கலையாம். என் டிபன் பாக்ஸ் எடைகூட இல்லாத ஒரு பறவை மூன்று நாளாக என்னை வைத்து நாடகம் போட்டிருக்கிறது. எதிரி போய்விட்டான், அல்லது இவனால் ஆபத்தில்லை என்று அதற்குத் தோன்றினால்தான் நிஜமான முட்டைக்குத் திரும்புமாம். ஆக, ஒரே வழி. அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எதைச் செய்யச் சொன்னாலும் செய்வேன், ஒன்றும் செய்யாமல் இரு என்றால் எப்படி?

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி. யார்டின் ஓரத்தில் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மறைந்திருந்து பார்க்கலாம் என்றால் முடியாது. யார்டில் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். அரை கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற லாரிக்காரனுக்கும் தெரியவேண்டும் என்றே செய்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பறவையின் கண்ணில் படாமல் இருக்க முயற்சி செய்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

நாலாவது நிமிஷம் கழுத்தில் எறும்பு. ஒன்பதாவது நிமிஷம் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. போன் கேட்டில், லாக்கரில் இருக்கிறது. உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாவது நிமிஷம், 'ஓரமாக இருக்கும் அந்தச் சரளைக் குவியலுக்குப் பின்னால் மட்டும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்' என்று எழுந்தேன். கத்தல் ஆரம்பித்தது. முடிந்தது கதை.

ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். "பன்னெண்டு நிமிசமா? பரவால்லியே. அக்கா அஞ்சுதான்னு சொல்லிச்சு. நான் உன்ன நம்பி பத்து சொன்னேன்."

வெள்ளிக்கிழமை கடைசி நாள். மறுநாள் காலை ஜே.சி.பி. அதே பெட்டி, அதே இடம். அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஓடியது. சரளை தோசைக்கல் மாதிரி காய்ந்தது. ஷூவைத் தாண்டி உள்ளங்கால் சுட்டது. இருபதடி தள்ளி ஆக்காட்டி நின்று என்னையே பார்த்தது. நானும் அதையே பார்த்தேன். அது போகட்டும் என்று நான் காத்திருக்கிறேன், நான் போகட்டும் என்று அது காத்திருக்கிறது. இரண்டு பேரில் யாருக்குப் பழக்கம் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எழுந்துவிடலாமா என்று கால் துடித்தது. அப்போதுதான் காலுக்குக் கீழே சுட்ட கல் எனக்கு ஒரு சாதாரணக் கணக்கைச் சொன்னது. எனக்கே இப்படிச் சுடுகிறது என்றால், இந்தக் கல்லோடு கல்லாக எங்கோ கிடக்கிற முட்டைக்கு? அதன் மேல் நிழலாக உட்கார வேண்டியது எதிரில் நின்று என்னைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து நான் வேலி கட்டிய நேரம், முழங்காலில் தேடிய நேரம், பெட்டியோடு துரத்திய நேரம், அத்தனை நேரமும் அந்த முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டு கிடந்திருக்கின்றன. ஜே.சி.பி. நாளைக்குத்தான் வரும். நான் திங்கட்கிழமையே வந்துவிட்டேன்.

சிரிப்பெல்லாம் போய்விட்டது. கண்டுபிடிக்க வேண்டும் என்ற நினைப்பும் போய்விட்டது. அது போய் உட்காரட்டும், எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும், உட்கார்ந்தால் போதும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். எறும்பு வந்தது. வரட்டும் என்று விட்டேன். யாரோ கொண்டுவந்து வைத்த இன்னொரு கோன் மாதிரி இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓரக்கண்ணில் மஞ்சள் கால்கள் நடந்தன. ஆபீஸ் அறை ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் சொட்டுகிற இடத்தில் தட்டு அளவுக்கு ஒரு குட்டை உண்டு. ஆக்காட்டி அதில் இறங்கி நின்றது. குடிக்கவில்லை. வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி நனைத்தது. சொட்டச் சொட்ட அந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு நடந்தது. என் முதல் வேலியைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என்னை நோக்கி வந்து, எனக்கு எட்டடி முன்னால், ஃபோர்க்லிஃப்ட் தினமும் போய் வரும் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவில் நின்றது. மூக்கால் எதையோ மெல்லப் புரட்டியது. இறகை உப்பிக்கொண்டு, இடமும் வலமும் அசைந்து அசைந்து, பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக உட்காருகிறவர்போல இடம் பிடித்து உட்கார்ந்தது. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டது.

போலியாக உட்கார்ந்ததை மூன்று முறை பார்த்தவள் நான். நிஜம் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பரீட்சையில் பாஸ் ஆனபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அதை எழுந்து குதித்துக் கொண்டாட முடியாது என்பதுதான் கஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. எழவில்லை. இன்னும் கொஞ்சம் நிழல் கிடைக்கட்டும் அதுகளுக்கு.

கால் மணி கழித்து மேனேஜர் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். "ஏம்மா, லைன்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் இல்ல, நீ இங்க..." என்று கேட்டுக்கொண்டே அவர் யார்டில் இறங்க, ஆக்காட்டி எழுந்து ஓட, அவர் நேராகச் சக்கரத் தடத்தின் நடுவில் நடந்து வந்தார்.

"சார்! கால வைக்காதீங்க!"

தூக்கிய வலது கால் தூக்கியபடியே நின்றது. நல்ல வேளை, மெஷின் பக்கத்தில் 'நிறுத்து' என்று சத்தம் கேட்டால் யோசிக்காமல் நிற்கப் பழகியவர். ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு, "எங்கம்மா?" என்றார் மெல்ல.

"உங்க ஷூவுக்குக் கீழ சார்."

பார்த்தார். மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி தெளித்த நாலு முட்டைகள், கூர்முனைகளை நடுவில் சேர்த்து வைத்து, நாலு பேர் தலையைச் சேர்த்து ரகசியம் பேசுவதுபோலக் கிடந்தன. ஆக்காட்டி அவர் ஹெல்மெட்டில் இரண்டு முறை வந்து மோதியது. அவர் காலை மிக மிக மெதுவாகப் பின்னால் வைத்தார். அப்புறம் இன்னொன்று. யார்டின் எல்லை வரை அப்படியே பின்னாலேயே நடந்து போனார்.

"நம்ம ஃபோர்க்லிஃப்ட் இதுமேலதான் போய்க்கிட்டிருந்துதா?"

"நடுவுல சார். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சனிக்கிழமை அந்தப் பக்கத்தை ஓர் அறை அளவுக்கு அப்படியே விட்டுவிட்டு மீதியை மட்டும் போட்டார்கள். வேலை முடிந்து ஜே.சி.பி. நகர்ந்த பத்தாவது நிமிஷம் பறவை முட்டை மேல் இருந்தது என்று செக்யூரிட்டி அக்கா சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. யார்டு பக்கமே போகவில்லை. இந்தக் கதையில் நான் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான்.

ஆடிட்டுக்கு வந்தவர் சும்மா இருப்பாரா? தளம் முழுமையாக இல்லை என்று ஒரு குறை எழுதிவிட்டுப் போனார். எழுதிய குறைக்கு, இதைச் சரிசெய்ய என்ன திட்டம், எந்தத் தேதிக்குள் என்று நான் படிவம் நிரப்ப வேண்டும். 'குஞ்சு பொரித்ததும் மீதித் தளம் போடப்படும்' என்று எழுதினேன். தேதிக்கான கட்டத்தை விட்டுவிட்டேன்.

"டேட் போடாம இந்த ஃபார்ம் மூடாதும்மா" என்றார் மேனேஜர்.

"தெரியாது சார். அதுக்குத்தான் தெரியும்."

ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் 'இன்னைக்கே சார்' என்று சொன்னவளை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு காலிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

ஒரு நாள் காலை, அக்கா கேட்டிலிருந்து சைகை காட்டிக் கூப்பிட்டார். ஏ.சி. தண்ணீர்க் குட்டையில் மூன்று குஞ்சுகள். பஞ்சு உருண்டையில் தீக்குச்சி செருகிய மாதிரி. ஒரு முட்டை பொரியவில்லை. அது என் கணக்கில் எழுதப்பட வேண்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றும் காரணமே இல்லாமல் ஓடின, குட்டையில் விழுந்தன, எழுந்தன, மறுபடி ஓடின. எனக்குப் பின்னால் மேனேஜர், பறவைக்குப் பயந்து ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் வண்டியை அணைத்துவிட்டிருந்தார்.

"ஏ தங்கச்சி, உன்ன மாதிரியே ஓடுதுங்க பாரு" என்றார்.

அவசரம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்றுகூட ஒரு ஓ.டி.பி.யை மறுபடி கேட்டுக் குழப்பிக்கொண்டேன். ஆனால் யாரையாவது, எதையாவது காப்பாற்றுகிறேன் என்று ஓட ஆரம்பிக்கும்போது, என் ஓட்டத்தால்தான் அதன் மேல் வெயில் விழுந்துகொண்டிருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன்.